பம்ப்பைக் கெடுத்தது பயோ டீசல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 10-ம் தேதி உயிரி எரிபொருள் தினத்தை ஒட்டி உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரையும், அதன் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியும் வந்திருந்தன. பலகாரம் சுட்ட எண்ணெயை வடிகட்டி ஊற்றினாலே டீசல் வண்டி ஓடும், எரிபொருள் செலவில் பாதி மிச்சம் என்றது பெட்டிச் செய்தி. என் கடைக்கு வழக்கமாக வரும் டிரைவர் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்து, என் பெஞ்சின் மேல் விரித்தார். "இதுக்கு என்னங்கண்ணா சொல்றீங்க? ஊத்தலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் முடிகிற பதிலாக இல்லை. அவரிடம் சொன்னதையும், அவர் போன பிறகு சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் சங்ககிரியில், இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப், அதை உள்ளே தூவும் நாசில் இரண்டையும் பழுது பார்ப்பவன். 1989-ல், பம்ப்பின் உள்பாகமான எலிமென்டைக் கழுவும் பையனாக ஒரு பட்டறையில் சேர்ந்தேன். இப்போது சொந்தக் கடை. லாரி, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி, டிராக்டர், கிணற்று மேட்டு ஆயில் இன்ஜின் என்று டீசல் குடிக்கிற எதற்குப் பம்ப் கெட்டாலும் என் பெஞ்சுக்கு வரும். பம்ப் கெட்டால்தான் எனக்குச் சோறு. அப்படிப்பட்டவன் பம்ப் கெடாமல் இருக்க வழி சொன்னால் கொஞ்சம் நம்பலாம்.

2021-ல் ஒரு பத்து டயர் லாரியின் பம்ப் வந்தது. பழைய பி.எஸ்.3 (அரசின் புகைக் கட்டுப்பாட்டு விதி, மூன்றாம் கட்டம்) வண்டி. ஓனரே டிரைவர். "காலையில ஒரே செல்ஃப்ல எடுத்துக்குதுங்கண்ணா. சூடாகி நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. டோல்கேட்டுல நிறுத்தவே பயமா இருக்கு" என்றார். எங்கள் தொழிலில் இதைக் கேட்டதுமே பாதி புரிந்துவிடும். எலிமென்ட் தேய்ந்தால் இப்படித்தான் செய்யும். குளிர்ந்திருக்கும்போது டீசல் கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் பிரஷர் ஏறிவிடும். சூடானால் இளகி, தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும்.

பம்ப்பைப் பிரித்தேன். நல்ல எலிமென்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேரல் என்ற குழலையும் அதற்குள் ஓடும் பிளஞ்சர் என்ற தண்டையும் சுத்தமான டீசலில் நனைத்து, பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரைப் பாதி வெளியே இழுத்துவிட வேண்டும். அது தன் எடையிலேயே, தூக்கக் கலக்கத்தில் படியிறங்குகிறவர் மாதிரி மெதுவாக உள்ளே போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியே சுமார் எழுபது மைக்ரான் இருக்கும். அந்த லாரிக்காரரின் பிளஞ்சரோ விட்ட உடனே தொப்பென்று விழுந்தது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கண்ணாடியில் மணலைப் போட்டுத் தேய்த்தது போல நெடுகக் கோடுகள். ஆறு எலிமென்டும் அதே கதி.

"வடக்க போய்ட்டு வர்றப்ப ரோட்டோரக் கொட்டாயில மூணு டிரிப்பு பயோ டீசல் அடிச்சேங்கண்ணா. பங்க் ரேட்டுக்கு இருபது ரூபா கம்மி. பயோ டீசல் ஊத்துனா பம்ப் போயிரும்னு எல்லாரும் சொன்னாங்க, கேக்கல" என்றார். சொல்லும்போதே குரல் கம்மியது. செலவு அப்படி.

நான் சொன்னேன்: "சாமி, நீ ஊத்துனது பயோ டீசலா இருந்திருந்தா இந்தக் கோடு விழுந்திருக்காது."

இது சமாதானத்துக்குச் சொன்ன பேச்சு அல்ல. பம்ப்புக்கு உள்ளே உயவு எண்ணெயாக வேலை செய்வது டீசல்தான். டீசலில் இருந்து கந்தகத்தை எடுக்கும்போது அதன் இயல்பான வழுவழுப்பும் கூடவே போய்விடுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்து, கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்று இருந்தது 10 பங்காகக் குறைந்தது. அதனால் எண்ணெய் நிறுவனங்கள் வழுவழுப்புக்கென்று தனியாக மருந்து சேர்க்கின்றன. அந்த மருந்தின் வேலையை, நூறு லிட்டருக்கு இரண்டு லிட்டர் உண்மையான பயோ டீசல் கலந்தாலே அது செய்துவிடும். பயோ டீசலால் வேறு தொல்லைகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் பிளஞ்சரை வறட்டுத்தனமாகச் சீவுவது அதன் குணம் இல்லை. அது மண்ணெண்ணெய் இனத்துச் சரக்கின் குணம்.

டேங்க் அடியில் மிச்சமிருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். பெயின்ட் தின்னர் வாடை. அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டால் 810-ஐத் தாண்டவில்லை. டீசலின் அடர்த்தி 15 டிகிரியில் 845-ஐத் தாண்டக் கூடாது. உண்மையான பயோ டீசல் 860-லிருந்து 900 வரை. வெயில் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு குறைத்துக் காட்டும் என்று வைத்துக்கொண்டாலும் 810 எங்கே, 860 எங்கே? அந்தப் பாட்டிலை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். மூடி மேல் கறுப்பு மையில் 'பொய்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ரோட்டோரத்தில் பயோ டீசல் என்று சொல்லிக் கலப்படச் சரக்கை விற்பவர்களைப் போலீஸ் பிடித்த செய்திகள் உங்கள் பத்திரிகையிலேயே பல முறை வந்திருக்கின்றன. ஆனால் தலைப்பில் 'பயோ டீசல் பறிமுதல்' என்றே போடுகிறீர்கள். அதைப் படிக்கும் லாரிக்காரர் பயோ டீசல் என்பதே ஏதோ கள்ளச்சாராயம் என்று நினைத்துக்கொள்கிறார். அடுத்த வாரமே அதே பத்திரிகையில் 'பயோ டீசல் நாட்டைக் காப்பாற்றும்' என்று கட்டுரை. டிரைவர் குழம்பாமல் என்ன செய்வார்? பிடிபட்டது போலி என்றால் தலைப்பிலும் 'போலி' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கலாமே.

உண்மையில் எங்கள் வட்டாரத்தில் மூன்று சரக்குக்கு ஒரே பேர். மேலே சொன்ன போலி ஒன்று. இரண்டாவது, செக்கிலோ வாணலியிலோ இருந்து நேராக வரும் எண்ணெய். மூன்றாவது, முறைப்படி மாற்றிச் செய்த பயோ டீசல். உங்கள் பெட்டிச் செய்தி இரண்டாவதை மூன்றாவதாக நினைத்து எழுதப்பட்டிருக்கிறது.

நேராக எண்ணெய் ஊற்றினால் இன்ஜின் ஓடுமா என்றால், ஓடும். நானே ஓட்டியிருக்கிறேன். எடப்பாடி பக்கம் என் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின் இருந்தது. நிதானமாக 'டொக் டொக்' என்று ஓடும் பழைய காலத்து இன்ஜின். கரண்ட் சரியாக வராத ஒரு கோடையில், வரப்போரம் இருந்த புங்க மரத்துக் காயை உடைத்து ஆட்டிய எண்ணெயைப் பாதிக்குப் பாதி டீசலோடு கலந்து ஊற்றினேன். மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரெல்லாம் கூட்டி வந்து காட்டினார். மாப்பிள்ளைக்கு அன்று ராஜ மரியாதை. புகையில் கோயில் விளக்கு அணைந்தது போல ஒரு வாசனை வேறு. ஐந்தாவது வாரம் இன்ஜின் திணற ஆரம்பித்தது. நாசிலைக் கழற்றிப் பார்த்தால் முனையில் கரி கட்டி, சின்னச் சின்னக் காளான் மாதிரி பூத்திருந்தது. நாசில் டெஸ்டரில் மாட்டி லீவரை அழுத்தினேன். நல்ல நாசில் 'கிர்ர்' என்று அதிர்ந்து, பனி மாதிரித் தூவும். இதுவோ பசு மடியில் பால் கறந்தது போல ஒரே தாரையாக அடித்தது. மாப்பிள்ளை மரியாதையும் அத்தோடு சரி.

காரணம் கெட்டித்தன்மை. 40 டிகிரி சூட்டில் டீசலின் பிசுக்கு 2-லிருந்து 4.5 வரை என்றால், பெரும்பாலான தாவர எண்ணெய்கள் 30-க்கு மேல் நிற்கும். சுமார் பத்து மடங்கு. தூவலாகப் போக வேண்டியது தாரையாகப் போனால் முழுசாக எரியாது. எரியாதது நாசிலில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங்கைப் பிடித்துக்கொள்ளும், மிச்சம் கீழே வழிந்து இன்ஜின் ஆயிலோடு சேரும். அப்படிச் சேர்ந்த இன்ஜின் ஆயில் ஒருநாள் கூழாகிவிடும். டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஒரு சொட்டு விழாது. ஒரு டிராக்டரில் இதை என் கண்ணால் பார்த்தேன். குச்சியை விட்டுக் குடைய வேண்டியிருந்தது.

முறையாகச் செய்ய வழி இல்லாமல் இல்லை. வெளிநாடுகளில் இரண்டு டேங்க் வைக்கிறார்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் சுடுதண்ணீரைக் கொண்டு எண்ணெயை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி, அப்புறம் எண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு மாற்றி, பைப்பைக் கழுவி நிறுத்துகிறார்கள். பழைய இன்ஜினில், கவனமான ஆள் கையில் அது ஓடும். நம் ஊர் டிரைவர் டீக்கடைக்கு முன்னால் நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஞாபகமாக வால்வைத் திருப்புவாரா? நான் திருப்ப மாட்டேன்.

என் கூத்து ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு பழைய டாடா 407 சின்ன லாரி இருந்தது. கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர் ஒருவர் வேலையில் இருந்தார். அவர் தந்த பாமாயிலைத் துணியில் வடிகட்டி, நாலில் ஒரு பங்கு டீசலோடு கலந்து கோடை முழுக்க ஓட்டினேன். பழைய வண்டி, வெயில் காலம், பிரச்சினையே இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரன் சேலம் ஜில்லாவில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கலவையில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன். டிசம்பரில் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கிறது. பாமாயில் குளிரில் உறையும் என்பது சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முப்பது வருஷம் பம்ப் பிரித்த எனக்குத் தெரியவில்லை. ஹோட்டல் சமையலறையில் வெந்நீர் வாங்கி ஃபில்டர் மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று, "ரெண்டு பூரி போட்டிருக்கலாம்" என்றாள். அன்றோடு விட்டேன்.

சரி, மூன்றாவதுக்கு வருகிறேன். உண்மையான பயோ டீசல் என்பது எண்ணெயை வேறு பொருளாக மாற்றுவது. நூறு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இருபது லிட்டர் மெத்தனால், கூடக் கொஞ்சம் காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ். 55, 60 டிகிரியில் வைத்துக் கலக்கினால் கனமான கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பதை எடுத்துக் கழுவி, ஈரம் போக்கினால் பயோ டீசல். பிசுக்கு முப்பது சொச்சத்திலிருந்து நாலு ஐந்துக்கு இறங்கிவிடும். 2005-லிருந்து ஒரு பத்து வருஷம், எங்கள் பக்கத்து என்ஜினியரிங் கல்லூரிகளில் மெக்கானிக்கல் படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதுதான் புராஜெக்ட் என்று நினைக்கிறேன். வருஷத்துக்கு நாலு குழுவாவது கேனைத் தூக்கிக்கொண்டு நாசில் டெஸ்டர் தேடி என் கடைக்கு வரும். அவர்கள் செய்ததில் நல்லதும் உண்டு, சோப்புத் தண்ணீரும் உண்டு. நல்லதை டெஸ்டரில் அடித்தபோது டீசலுக்கும் அதற்கும் தூவலில் வித்தியாசமே தெரியவில்லை. அப்பளம் பொரித்த வாசனை மட்டும் கொஞ்சம். அந்தப் பிள்ளைகள் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். அது வேறு கதை.

இதை வீட்டுக் கொல்லையில் செய்யலாம் என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். தயவு செய்து அந்தப் பக்கம் யாரும் போகாதீர்கள். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவி பக்கென்று தீப்பிடிக்கும். வயிற்றுக்குள் போனால் கண் போகும், உயிர் போகும். கள்ளக்குறிச்சியில் 2024-ல் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான். லைசென்ஸ் இல்லாமல் அதை வாங்கி வைப்பதும் குற்றம்.

உண்மையான பயோ டீசலுக்கும் குணக்கேடுகள் உண்டு. பழைய டேங்கில் முதல் தடவை ஊற்றினால் பல வருஷத்து அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் கட்டும். அதைப் பார்த்துத்தான் 'பயோ டீசல் அடைக்கிறது' என்கிறார்கள். அடைப்பது உங்கள் டேங்க் அழுக்கு. இரண்டு ஃபில்டர் மாற்றினால் சரியாகிவிடும். பழைய ரப்பர் ஓஸ் ஊறிப் பெருத்துவிடும். அதற்குத் தாங்கும் ஓஸ் கடையில் கிடைக்கிறது. ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளதால் மாதக்கணக்கில் தேக்கி வைத்தால் புளித்துப்போகும். லிட்டருக்கு எட்டு, ஒன்பது சதவீதம் சக்தி குறைவு, மைலேஜ் அந்த அளவு இறங்கும். அப்புறம் முக்கியமாக, இப்போது வரும் பி.எஸ்.6 வண்டிகள். அவற்றில் பிரஷர் 2,000 பார் வரை போகிறது. பழைய நாசில் திறப்பதே 200, 250-ல்தான். புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக எரிபொருளைப் பீய்ச்சும். பயோ டீசல் அதிகம் இருந்தால் அது ஆவியாகாமல் இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். அதனால் புது வண்டிக்காரர்கள் கம்பெனி புத்தகத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதோ அதோடு நிற்க வேண்டும். டீசல் தரக் கட்டுப்பாட்டிலேயே 7 சதவீதம் வரை கலக்க அனுமதி இருக்கிறது. அந்த அளவுக்கு ஒரு பம்ப்பும் கெடாது. 2002 டிசம்பர் 31-ல் டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ரயிலையே 5 சதவீதம் கலந்து ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

உங்கள் கட்டுரையில் ஒரு தகவலைத் திருத்த வேண்டும். ருடால்ஃப் டீசல் 1893 ஆகஸ்ட் 10-ல் கடலை எண்ணெயில் இன்ஜினை ஓட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தேதியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய இன்ஜினுக்குள் முதல் தடவை எரிபொருள் பற்றி வெடித்தது உண்மை. அதற்கும் கடலைக்கும் சம்பந்தம் இல்லை. கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜினைக் காட்டியது 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில். ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை நிறைய விளைகிறதே, அதை வைத்து அங்கேயே இன்ஜின் ஓட்டலாமே என்று பிரெஞ்சு அரசாங்கம் கேட்டதால் அது நடந்தது. பார்த்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் உள்ளே இருப்பது கடலை எண்ணெய் என்று தெரிந்ததாம். அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு அப்புறமும் 'எந்த எண்ணெயில் ஓடும்' என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். ஓடுவதில் சந்தேகமே இருந்ததில்லை. எண்ணெய்க்கு எங்கே போவது?

பயோ டீசலுக்கென்று காட்டாமணக்கு வைக்கச் சொன்ன கதை ஞாபகம் இருக்கும். என் மச்சான் மேச்சேரி பக்கம் மானாவாரியில் மூன்று ஏக்கர் 2007-ல் வைத்தார். தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, அள்ளிக் கொட்டும் என்றார்கள். ஆடு கடிக்கவில்லை என்பது மட்டும் பலித்தது. தண்ணீர் விடாத செடி காய்க்கவில்லை. காய்த்ததைப் பறிக்கக் கொடுத்த கூலிக்கு விதை விற்கவில்லை. வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் மூன்றாவது வருஷம் போனை எடுக்கவில்லை. 2009-ல் மத்திய அரசு ஒரு கொள்கை போட்டது, 2017-க்குள் 20 சதவீதம் பயோ டீசல் என்று. 2018-ல் இன்னொரு கொள்கை, 2030-க்குள் 5 சதவீதம். இப்போது நாடு முழுக்கக் கலப்பது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மச்சான் எப்போதோ எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மரவள்ளி போட்டுவிட்டார்.

புது எண்ணெயை எரிப்பதும் சரிப்படாது. சாப்பிடுகிற எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு நாம். மிஞ்சுவது பொரித்த எண்ணெய்தான். அதற்குச் சட்டமும் நன்றாகவே இருக்கிறது. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி. அந்த வருஷம் ஆகஸ்டிலேயே, அப்படிப்பட்ட எண்ணெயை வாங்கிப் பயோ டீசல் ஆக்கும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

50 லிட்டர்! எங்கள் ஊர் மெயின் ரோட்டில் இத்தனை பரோட்டாக் கடை, சில்லி சிக்கன் வண்டி, போண்டாக் கடை இருக்கின்றன. நாளுக்கு 50 லிட்டர் செலவழிப்பது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றவர்களுக்குக் கணக்கும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பெரிய ஹோட்டல் எண்ணெய் ஃபேக்டரிக்குப் போகிறது, சின்னக் கடை எண்ணெய் இன்னும் சின்னக் கடைக்குப் போகிறது. பால் சொசைட்டி வண்டி ஊர் ஊராக வந்து ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று பாலை வாங்கி, அங்கேயே பால்மானி வைத்துப் பார்த்து, சீட்டுக் கொடுக்கிற நாடு இது. எண்ணெய்க்கு அதே மாதிரி வாரம் ஒரு வண்டி விட முடியாதா? கறவை மாட்டுக்காரருக்கு ஆகிற காரியம் பரோட்டா மாஸ்டருக்கு ஆகாதா?

விற்கிற இடத்திலும் ஒரு காரியம் செய்யலாம். பயோ டீசலை எப்படி விற்க வேண்டும் என்று மத்திய அரசு 2019 ஏப்ரல் 30-லேயே வழிமுறை போட்டுவிட்டது. பதிவு செய்தவர்கள்தான் விற்கலாம், ஐ.எஸ். 15607 தரத்தில் இருக்க வேண்டும், டீசலோடு கலப்பதற்கு மட்டும்தான். ரோட்டோரம் நிற்கிற டிரைவருக்கு ஐ.எஸ். நம்பர் தெரியாது. ஆனால் டென்சிட்டி, அதாவது அடர்த்தி, தெரியும். பெட்ரோல் பங்க்கில் தினமும் எழுதிப் போடுகிறார்கள், சந்தேகம் வந்தால் ஹைட்ரோமீட்டர் கேட்டு வாங்கிப் பார்க்கிறவர்களும் உண்டு. அதே போல, பயோ டீசல் விற்பவர் ஒவ்வொருவரும் அன்றைய டென்சிட்டியைப் போர்டில் எழுதி, ஜாடியும் ஹைட்ரோமீட்டரும் வெளியே வைக்க வேண்டும் என்று கலெக்டர் ஒரு உத்தரவு போட்டால் போதும். 860-க்குக் கீழே இருக்கிற சரக்கை எந்தப் பெயரில் விற்றாலும் முதல் டிரைவரே கண்டுபிடித்துவிடுவார். கெட்டிக்காரக் களவாணி கனமான எண்ணெயைக் கலந்து அடர்த்தியை ஏற்றலாம், அதுவும் எனக்குத் தெரியும். அதற்கு லேப் வேண்டும். ஆனால் என் கடைக்கு வந்த பத்துப் பாட்டிலில் எட்டு, ஹைட்ரோமீட்டரிலேயே மாட்டியவை.

பெஞ்சில் பேப்பரை விரித்த டிரைவருக்கு வருகிறேன். அவர் வண்டி பி.எஸ்.6. "எண்ணெய் ஊத்தாதே. ரோட்டோரத்துலயும் அடிக்காதே. பங்க்குல கலந்தே வந்தா பயப்படாதே" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். ஏதோ ரகசியம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

அவர் போனதும் எதிரே இருக்கும் பரோட்டாக் கடைக்கு டீ குடிக்கப் போனேன். பின்பக்கம் 15 கிலோ டின் ஒன்றில் கறுத்த எண்ணெய் நிரம்பி நின்றது. மொபெட்டில் ஒரு ஆள் வந்தார், பணத்தைக் கொடுத்தார், டின்னைக் கால் நடுவில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே கொண்டுபோகிறார் என்று மாஸ்டரைக் கேட்டேன். "சோப்புக்குன்னு சொல்றாருங்க. நமக்கு எதுக்கு?" என்றார். கவர்ன்மென்ட் ஆள் வந்து, அளந்து, ரசீது கொடுத்து வாங்கினால் அவர்களுக்குத் தருவீர்களா என்று கேட்டேன்.

"கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மியாக் குடுத்தாலும் தர்றனுங்க. வரணுமில்ல?"

இப்படிக்கு,
டீசல் பம்ப் மெக்கானிக் ஒருவர்,
சங்ககிரி.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பம்ப் பறிகொடுத்த லாரிக்காரர் இன்னும் என் வாடிக்கையாளர். கடிதம் நீளம் என்றால் ஏற்காடு விஷயத்தை வெட்டிவிடலாம்.)